முதல் கிண்ணம்

ஜூனிபர் புதரின் கிளைகள் போட்டுக் கொதித்த தண்ணீரை நான்காவது வாளியாக முளைகட்டிய பார்லி மால்ட்டின் மேல் குன்வோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் திறந்திருந்த ஜன்னலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"சூடு ஜாஸ்தி! வாசனையிலயே தெரியுது!"

"சாகக் கிடக்குற ஆளுக்கு மூக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வேலை செய்யுது?" என்று அடுப்புவீட்டு வாசலுக்கு வந்து அவளும் கத்தினாள்.

"மூக்கு போனாத்தான் மத்ததெல்லாம் போகும். வாய் கடைசி!"

"உன் வாய் எங்க போகப்போவுது? அதை மட்டும் தனியாப் பொதைக்கணும்!"

ஜன்னலுக்குள் சிரிப்பு ஆரம்பித்து இருமலாக முடிந்தது. குன்வோர் உள்ளே திரும்பி, யாரும் பார்க்காதபோதும் யாருக்கும் தெரியாமல் செய்வதுபோல ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் விட்டாள். அவர் சொன்னது சரிதான்.

யெட்முன்ட்டுக்கு எழுபத்து நான்கு வயது, குன்வோருக்கு அறுபத்தேழு. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஒரு வீட்டுக்கு ரெண்டு சண்டைக்காரங்க போதும்" என்பது அண்ணன் சொல்லும் காரணம். திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயம் ஓய்ந்துவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, ஒரு வாரம் இருக்கலாம் என்றார் டாக்டர். யெட்முன்ட் அவரை மேலும் கீழும் பார்த்து, "வியாழக்கிழமை வெச்சுக்கலாமா?" என்று கேட்டார், பல் பிடுங்க நாள் குறிப்பதுபோல.

இன்று வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு பீர். சாவு விருந்துக்கு அந்த நார்வே ஏரிக்கரையில் வேறு பெயரே கிடையாது, கல்லறை பீர் என்றுதான் சொல்வார்கள். பீர் இல்லாமல் புதைக்கப்பட்டவர் பாதி வழியில் எழுந்து திரும்பி வந்துவிடுவார் என்று பாதிரியார்களே பயப்பட்ட ஊர் அது. வழக்கமாக ஆள் போனபிறகுதான் காய்ச்சுவார்கள். யெட்முன்ட்டுக்கு அது சம்மதமில்லை.

"ஈஸ்ட் போடுறப்ப கத்துறது எனக்குக் கேக்கணும். கேக்காம எப்படிப் போறது?"

அதுதான் அங்கே உள்ள வழக்கம். ஆறிய மால்ட் சாற்றில் ஈஸ்ட்டை ஊற்றும்போது, ஊற்றுகிறவர் உடம்பில் உள்ள மூச்சையெல்லாம் திரட்டிக் கத்த வேண்டும். கத்தல் எவ்வளவு பெரிதோ பீர் அவ்வளவு வலுவாக வரும். யெட்முன்ட் நல்ல வயதில் கத்திய ஒரு கத்தலில் எதிர்மலைப் பனி இரண்டு வாரம் முன்கூட்டியே சரிந்து இறங்கியது. பாதிரியார் வீட்டுப் பசு மூன்று நாள் நேராகத் தயிராகவே கறந்தது. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜூன் மாதம். காலையிலிருந்தே ஏரியின் மேல் பாலாடை போல மூடுபனி படிந்திருந்தது. எதிர்க்கரை இல்லவே இல்லை. மலைகள் அடிவாரமில்லாமல் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டிக்கு அடியிலிருந்த குழாயில் மால்ட் சாறு நூலாக இறங்க ஆரம்பித்தது. ஜூனிபர் வாசனையும் ஆவியும் அடுப்புவீட்டை நிறைத்தன. அதற்குள் நிற்கும்போது, யாரோ ஒருவருடைய தூக்கத்துக்குள் நின்று வேலை செய்வதுபோல குன்வோருக்குத் தோன்றியது.

இன்றைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பதுதான். ஆனால் இனிமேல் தள்ளிப்போட நாளைக்கு என்று ஒரு நாள் இல்லை.

பகலில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் தூரில், பன்னிரண்டு மணிக்குக் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, யெட்முன்ட் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நிலவறையிலிருந்து ஈஸ்ட் ஜாடிகளைக் கொண்டுவரச் சொல்லித் தங்கையை அதிகாரம் செய்துகொண்டிருந்தார். மூன்று கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் அடியில் வெண்ணெய் நிறச் சேறு, மேலே பழுப்புத் தண்ணீர்.

"மூணும் ஒண்ணுதானே?" என்றாள் தூரில்.

"இந்தப் பொண்ண யாரு உள்ள விட்டது?" என்றார் யெட்முன்ட். "இது போன வருஷம் அறுப்புக்குக் காய்ச்சுனது. இது கிறிஸ்துமஸ். இது ஈஸ்டர். மூணும் ஒரே குடும்பம். ஆனா ஒரு குடும்பத்துல எல்லாரும் உருப்படுறாங்களா?"

முதல் ஜாடியைத் திறந்து மூக்கருகே பிடித்தாள் குன்வோர். அவர் முகத்தைத் திருப்பினார். "தூங்கிப்போச்சு. எழுப்பினா எழுந்திருக்கும். எழுந்து முணுமுணுத்துக்கிட்டே இருக்கும், உன்ன மாதிரி." இரண்டாவதை முகர்ந்ததும் தும்மினார். "காடி ஏறிடுச்சு. கொட்டிடு. ஏரில கொட்டாத, மீனெல்லாம் ஊறுகாயாயிடும்."

மூன்றாவது ஜாடியை அவர் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு உள்ளே போனது. வெளியே வர நேரமாயிற்று. தூரில் பயந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆரஞ்சுத் தோல்" என்றார் கடைசியில். "அப்புறம் மழைல நனஞ்ச வைக்கோல். இதான். நம்ம வீட்டு வாசனை. முன்னூறு வருஷ வாசனை."

முன்னூறு என்பது அடக்கமான கணக்கு. கிறிஸ்துமஸுக்கு நானூறு என்றார். திங்கட்கிழமை டாக்டரிடம், கடல் தாண்டிப் போன வைக்கிங்குகள் இந்த ஈஸ்ட்டைத்தான் தாயத்தாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் கடையில பாக்கெட் வாங்கிப் போடுறார்" என்றாள் தூரில், அவர் கையில் நாடி பார்த்துக்கொண்டே. "பதினெட்டு டிகிரில வெக்கணுமாம். ரெண்டு வாரம் ஆகுமாம்."

"ரெண்டு வாரமா! எனக்கு அவ்வளவு டைம் இல்லம்மா. நம்மளுது நாப்பது மணி நேரம். கறந்த பால் சூட்டுல போடணும். பதினெட்டு டிகிரில போட்டா அது பீரா? ஐஸ்கிரீம்! மோன்ஸ் வீட்டு ஈஸ்ட்டு வேணா அதுக்குச் சரிப்படும். அதுல ஏற்கெனவே ஆட்டு வாடை அடிக்கும், குளிர்ல வெச்சா கொஞ்சம் அமுங்கும்."

குன்வோர் ஜாடியின் மூடியை இறுக்க வேண்டிய அளவுக்கு மேலே இறுக்கினாள்.

மோன்ஸ் எதிர்க்கரைக்காரர். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், மோன்ஸின் பீரில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று யெட்முன்ட் சொன்னார். யெட்முன்ட் கத்தினால் கொசு கூடக் கலையாது என்று மோன்ஸ் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் கத்தல் நிற்கவில்லை. இந்தக் கரையில் ஈஸ்ட் போட்டுக் கத்தினால் அந்தக் கரையிலிருந்து பதில் கத்தல் வரும். அதற்குப் பதில், அதற்கும் பதில். யாராவது ஒருவர் ஓயும் வரை போகும். கடைசிக் கத்தல் எப்போதும் யெட்முன்ட்டுடையதுதான். அதில் அவருக்கு இருந்த பெருமையைக் கொட்டி வைக்க ஏரியில் இடம் போதாது. அது ஐரோப்பாவிலேயே ஆழமான ஏரி.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஜூனில்தான் அது நடந்தது. அண்ணன் மலைமேல் புல் அறுக்கப் போகும்போது, "ஈஸ்ட் ஜாடிய அடுப்போரமா வெச்சிரு, சாயங்காலத்துக்குள்ள முழிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். குன்வோர் அடுப்போரம் என்பதைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டாள். அவள் அப்போது தபால்காரி. பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏரியைச் சுற்றித் தபால் கொடுத்துவிட்டு நாலு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், முன்னூறு வருஷக் குடும்பச் சொத்து வெந்து, அருமையான ரொட்டி வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

தபால் வண்டி அன்று ஏரிக்கரை வளைவுகளில் போன வேகத்தில் இரண்டு செம்மறியாடுகளுக்கு ரோமம் உதிர்ந்தது. மோன்ஸ் தன் அடுப்புவீட்டு வாசலில் நின்றார். அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஜாடி நிறையத் தன் ஈஸ்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவன்கிட்ட சொல்லாத" என்றார். "சொன்னா கத்த மாட்டான். இந்த ஏரில அப்புறம் நான் யாரோட கத்துறது?"

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா மொத கிண்ணம்?" என்றார்.

யாருடைய ஈஸ்ட்டோ அவருக்கு அந்த பீரின் முதல் கிண்ணம். இந்த ஏரியில் அதை மீறியவர்கள் கிடையாது. மீறினால் அடுத்த முறை ஈஸ்ட் முறைத்துக்கொள்ளும்.

"கிண்ணத்துல கொண்டுவர முடியாது" என்றாள் குன்வோர். "பாட்டில்ல கொண்டுவர்றேன். தபாலோட தபாலா."

அப்படித்தான் முப்பத்தொரு வருஷம் ஓடியது. ஒவ்வொரு முறை பீர் தயாரானதும், வேறு யாரும் நாக்கில் வைப்பதற்கு முன் அவள் ஒரு பாட்டில் பிடித்துத் தபால் பையில் போட்டுக்கொள்வாள். பிறகு அண்ணன் ஊரைக் கூட்டி, எழுந்து நின்று, குடும்பத்தின் மரக்கிண்ணத்தை இரண்டு கையால் உயர்த்தி, "முன்னூறு வருஷம்!" என்று சொல்லி முதல் கிண்ணத்தைக் குடிப்பார். அவர் குடித்ததெல்லாம் இரண்டாவது கிண்ணம். ஒருமுறை ஊர் மன்றத்தில் இரண்டு வீட்டு பீரையும் பெயர் சொல்லாமல் கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சுவைத்த ஏழு பேரும் சொன்னார்கள். ஏழு பேருக்கும் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு யெட்முன்ட் வெளியே வந்துவிட்டார்.

பையில் ஒரு தொல்லை இருந்தது. அடியில் தபால்பெட்டிச் சாவிகளின் இரும்பு வளையம் கிடக்கும். பாட்டில் அதில் மோதி, நடைக்கு ஒரு தடவை டங், டங் என்று அடிக்கும். அண்ணன் வேலியருகே நிற்பார்.

"இன்னிக்குத் தபால் ரொம்பச் சத்தம் போடுதே!"

"பெர்கன் டவுன்ல இருந்து யாரோ கண்ணாடிச் சாமான் அனுப்பியிருக்காங்க."

"மறுபடியுமா? அந்தக் கரைல இருக்குறவங்க எவ்வளவுதான் உடைப்பாங்க!"

எட்டு வருஷத்துக்கு முன் அவள் ஓய்வு பெற்றாள். பை அடுப்புவீட்டு ஆணிக்குப் போனது. பாட்டில், பெர்ரி பறிக்கும் வாளிக்குள் போனது. பெர்ரியே இல்லாத மாதங்களிலும் அவள் வாளியோடு படகேறினாள். அண்ணன் எதுவும் கேட்டதில்லை.

"நான் ஆறு மணிக்கு மறுபடி வர்றேன்" என்று சொல்லி, தூரில் காலணியை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "அவர் உடம்பு ரொம்ப இறங்கிடுச்சு" என்றாள் தணிந்த குரலில். "பேசணும்னா பேசிடுங்க."

குன்வோர் உள்ளே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அண்ணனுக்கு ஒரு கரண்டி புளித்த பாலேட்டுக் கஞ்சி கொடுத்தாள். அவர் அதை வாயிலேயே வைத்திருந்தார்.

"அண்ணே, இந்த ஈஸ்ட்டப் பத்தி…"

"சேணம் தைக்கிற ஊசியத் திருப்பி எடத்துல வெச்சியா?" என்றார் அவர்.

இந்த ஊசிப் பேச்சு ஏப்ரலில் தொடங்கியது. திடீரென்று ஒரு நாள் சேணம் தைக்கும் ஊசியும் மெழுகு நூலும் வேண்டும் என்றார். வீட்டில் குதிரை செத்து முப்பது வருஷம். இரண்டு மத்தியானம் அடுப்புவீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புத்தி நழுவ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வெச்சிட்டேன்" என்றாள்.

"நல்லது. துரு பிடிக்காம வெச்சிரு." பிறகு தூங்கிப்போனார்.

நாலு மணிக்குச் சாறு ஆறியது. முழங்கையை விட்டுப் பார்த்தாள். கறந்த பாலின் சூடு. கொஞ்சம் சாறு கொடுத்து எழுப்பி வைத்திருந்த ஈஸ்ட், ஜாடியின் வாய்க்கு மேல் நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. இந்த முறை அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி, அவள் கண் முன்னாலேயே.

கட்டிலருகே போனாள். அண்ணனின் கண் பாதி திறந்திருந்தது. முகம் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மூடுபனியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"அண்ணே, ஊத்தப்போறேன்."

"ம். மொத கிண்ணம் யாருக்கு?"

"உனக்குத்தான். உன் ஈஸ்ட்டுதானே."

"நான்தான் இருக்க மாட்டேனே."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை பால் சூட்டைவிடக் குறைவாக இருந்தது.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். முப்பத்தொரு வருஷமா…"

"குன்வோர்." அவர் கையை உருவிக்கொண்டார். "ஈஸ்ட் முழிச்சிருச்சா?"

"முழிச்சிருச்சு. வழியுது."

"முழிச்ச ஈஸ்ட்டக் காக்க வெச்சிட்டுக் கதை பேசக்கூடாது. போ. நல்லாக் கத்து. ஏனோதானோன்னு கத்தினே, எந்திரிச்சு வந்துருவேன்."

"வந்துருவியா?" என்றாள் அவள்.

ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார். அவள் அதை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டுப் போனாள்.

அடுப்புவீட்டில் ஆவி அடங்கியிருந்தது. தொட்டி, காற்றில்லாத குளம் போலக் கிடந்தது. ஜாடியைச் சாய்த்தாள். வெண்ணெய் நிறம் பழுப்புக்குள் மேகமாக இறங்கியது. குன்வோர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தாள்.

கத்தல் அவளுக்கே புதிதாக இருந்தது. நாற்பது வருஷம் தபால் கொடுத்த வீடுகளின் கதவுகளெல்லாம் ஒன்றாகத் திறந்ததுபோல வந்தது. கூரையிலிருந்து முப்பத்தொரு வருஷப் புகைக்கரி உதிர்ந்தது. ஏரியில் ஒரு கூட்டம் வாத்து எழுந்து, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு போனது. மூச்சு தீர்ந்தபிறகும் சத்தம் தானாகவே கொஞ்ச தூரம் போயிற்று.

பிறகு, இல்லாத எதிர்க்கரையிலிருந்து, பதில் வந்தது. மோன்ஸின் கத்தல். எழுபத்தாறு வயதுக்கு மோசமில்லை.

குன்வோர் சிரித்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தபடி முற்றத்தைக் கடந்து ஓடினாள். "கேட்டுச்சா? மாடு மாதிரிக் கத்துறான்! உன் முறை, ஆனா நானே…"

அண்ணனின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பிக் கேட்க முயன்றதுபோலக் கழுத்து நீண்டிருந்தது. அவள் கத்தியது கேட்டதா, மோன்ஸ் கத்தியதும் கேட்டதா, எதற்கும் முன்பே போய்விட்டாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அவள் உட்கார்ந்தாள்.

எதிர்க்கரையிலிருந்து மறுபடி கத்தல் வந்தது. மோன்ஸ் பதிலுக்குக் காத்திருந்தார். கடைசிக் கத்தல் இந்த வீட்டுடையது. முப்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூட அது மாறியதில்லை. குன்வோர் வாயைத் திறந்தாள். அண்ணனின் காதுக்கு இவ்வளவு பக்கத்தில் கத்தக்கூடாது என்று தோன்றியது. மூடிக்கொண்டாள்.

மூன்றாவது கத்தல் சின்னதாக இருந்தது. முடிவில் மேலே ஏறி, கேள்வி போல நின்றது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மூடுபனி விலகியது. எதிர்க்கரை ஒவ்வொரு மரமாக வந்து சேர்ந்தது. மோன்ஸ் வீட்டுக் கம்பத்தில் நார்வேக் கொடி உச்சி வரை ஏறியதையும், பிறகு மெல்ல இறங்கிப் பாதியில் நின்றதையும் அவள் பார்த்தாள். தொட்டிக்குப் போர்த்த இரண்டு கம்பளிகள் எடுத்து வைத்திருந்தாள். ஒன்றை அண்ணனுக்குப் போர்த்தினாள். இன்னொன்றைத் தொட்டிக்குப் போர்த்தப் போனபோது நுரை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவரைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். சனிக்கிழமை காலை பீர் தயாராக இருந்தது. நுரை ஒரு சாண் உயரம் நின்றது. அதில் ஒரு பூனை தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். குன்வோர் மேல் ஈஸ்ட்டைக் கரண்டியால் வழித்து, பாதியை ஜாடியில் போட்டாள், பாதியை ரொட்டி சுடும் காகிதத்தில் மெல்லியதாகத் தடவி நிழலில் உலர வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். ஆரஞ்சுத் தோல். மழையில் நனைந்த வைக்கோல்.

ஊர் ஆட்கள் சவப்பெட்டிக்கு வைக்கப் பூக்கள் கொண்டுவந்திருந்தார்கள். பெர்ரி வாளி நிறைய லைலாக் பூ. ஒரு பாட்டில் பிடித்து மூடியைத் தட்டியவள், அதை எதில் கொண்டுபோவது என்று சுற்றிலும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தபால் பை தொங்கியது.

எடுத்தாள். எட்டு வருஷம் தொங்கிய பையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தோல் எண்ணெய் தேய்த்து மின்னியது. உள்ளே கையை விட்டபோது, அடியில் சாவியில்லாத பழைய இரும்பு வளையம் கிடந்தது, அதற்கு மேலே மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பையின் உட்சுவரில், பழைய கம்பளியில் வெட்டிய ஒரு சிறிய பை தைக்கப்பட்டிருந்தது. மெழுகு நூல், சேணத்துக்குப் போடும் இரட்டைத் தையல். நூல் இன்னும் விறைப்பாகவே இருந்தது. பாட்டிலை அதில் இறக்கினாள். கழுத்து வரை போய், அளவெடுத்ததுபோல நின்றது.

தையலின் மேல் விரலை ஓட்டினாள். தொட்டியில் நுரை மெல்ல உடைந்துகொண்டிருந்தது.

பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். வேலியருகே வந்ததும் நடை தானாகத் தயங்கியது. ஒன்றுமில்லை, மறுபடி நடந்தாள். படித்துறை வரை நூற்றிருபது அடி. படகில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்க்கரைப் படித்துறையில் யாரோ நிற்பது தெரிந்தது.

துடுப்பை எடுப்பதற்கு முன், பையை ஒருமுறை வேண்டுமென்றே குலுக்கிப் பார்த்தாள். சத்தமே இல்லை.